தீப்பெட்டிக் கூடு

அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு வலது காலை அடுப்பு வாய்க்குள் நீட்டினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. முந்தின ராத்திரிதான் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ பார்த்திருந்தேன். தெலுங்கில் 1978இல் வெளியாகி, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, வெண்ணாற்றங்கரை வரைக்கும் வந்து சேர்ந்த படம். அதில் ஒரு பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்த நான் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் கண்ணை மூடவில்லை. வரப்பில் நடந்து வீட்டுக்கு வரும்போது பயம் போய்விட்டது. கேள்வி மட்டும் கூடவே வந்தது: கால் ஏன் கருகவில்லை?

என் கால் கருகத்தான் பார்த்தது. குதிகாலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம். அம்மா கையை ஓங்குவதற்குள் மாமா ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். மெட்ராஸில் வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் மோல்டிங் வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அரண்மனைத் தூணும் சிங்கத் தலையும் வார்க்கிற கை அது. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். கொப்புளத்தில் கற்றாழைச் சோற்றைத் தடவிக்கொண்டே கேட்டார்: “எதுக்குடா மாப்ளே அடுப்புல கால வச்ச?” சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அவங்க எப்படி எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நானா இருந்தா எப்படி எடுப்பேன்னு காட்டட்டுமா?”

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. கொல்லையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். அதன் விளிம்பில் அக்காவை உட்கார வைத்து, காலைக் குழிக்குள் தொங்கவிடச் சொன்னார். குழியின்மேல் பலகை, பலகைமேல் சாக்கு, சாக்குமேல் மண். அக்காவின் இடுப்பிலிருந்து புடவை அந்த மண்மீது பரவியது. புடவைக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டு அடுப்புக்குள் போயின. அவை வாழைமட்டைகள். சுருட்டிக் கட்டி, மஞ்சளும் செம்மண்ணும் குழைத்துப் பூசி, அக்காவின் தோல் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பச்சை மட்டையில் தண்ணீர் அதிகம், சீக்கிரத்தில் தீப்பிடிக்காது. தீ எரிந்ததெல்லாம் மட்டைக்குப் பின்னால் செருகியிருந்த மண்ணெண்ணெய்த் துணியில்தான். அடுப்பு வாய்க்கு வெளியே, கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில், அக்காவின் கொலுசை மாட்டினார்.

“கொலுசப் பாக்குறவன் மட்டையப் பாக்க மாட்டான்” என்றார்.

எனக்கோ மட்டை மட்டும்தான் தெரிந்தது. முகம் வாடி நின்றேன். மாமா சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சிகளோடு உள்பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் கூட்டை என்னிடம் நீட்டினார். “இத ஒரு கண்ணுல வச்சுக்க. இன்னொரு கண்ண மூடு. அந்தக் கல்லுமேல உக்காந்து பாரு.”

பார்த்தேன். குழி இல்லை, கொல்லை இல்லை, குப்பைமேடு இல்லை. நான்கு ஓரங்களுக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கால்கள் எரிந்துகொண்டிருந்தன. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்திலேயே நின்று மட்டையைச் சுருட்டிக் கொடுத்தவன் நான். அந்த எனக்கே சிலிர்த்தது.

“கேமராவுக்கு ஒத்தக் கண்ணு மாப்ளே” என்றார் மாமா. தூரமும் கிட்டமும் நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இரண்டு கண்ணும் இருவேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான். ஒன்றை மூடினால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே பலகையில் ஒட்டிக்கொள்கின்றன. கேமராவுக்கு எப்போதும் அதே நிலைமைதான். அதன் கண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நிஜமாகத் தெரிந்தால் போதும், வேறெங்கிருந்தும் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் அவர்கள் வார்க்கும் அரண்மனைத் தூணுக்கு முதுகு கிடையாது. இருக்கிற காசு, கண் படுகிற பக்கத்துக்கு.

அந்த விடுமுறை முழுக்க ஒற்றைக் கண்ணோடு திரிந்தேன். திண்ணை ஓரத்தில் பித்தளைச் சொம்பை வைத்தோம். சித்தப்பா மகனைத் தூரத்துக் களத்துமேட்டில் நிற்க வைத்து, அவன் பாதம் சொம்பின் விளிம்பைத் தொடும்படி நான் தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். சொம்பிலிருந்து அவன் எழுந்து நின்றான், விரல் உயரத்துக்கு. குள்ளனையும் பூதத்தையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தக் காலங்காலமாகப் பயன்படும் தந்திரம் இது. மாமா இரண்டு நிபந்தனைகள் சொன்னார். சொம்பின்மேல் வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ, அவன்மேலும் அந்தப் பக்கமே விழ வேண்டும். கிட்டத்துப் பொருளும் தூரத்து ஆளும் சேர்ந்து தெளிவாக விழ, லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் நிறையத் தேவை. “அதுக்குத்தான் உச்சி வெயில். அது ஓசி.”

அந்த வெயிலை வைத்தே ராத்திரியும் செய்தார். தீப்பெட்டிக் கூட்டின் வாயில் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டி, மாலை நாலு மணிக்கு என்னைச் சூரியனுக்கு எதிர்முகமாக நிறுத்தினார். வானம் சட்டத்துக்குள் வரக் கூடாது; வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வைக்கோல் போரின் விளிம்பு வெள்ளியாக மின்னியது. எங்கள் கொல்லையில் பட்டப்பகலில் நிலா காய்ந்தது. அப்போதுதான் ‘மாயா பஜார்’ பற்றிச் சொன்னார். 1957இல் வந்த படம். அதில் படகுப் பாட்டில் காய்கிற நிலா ஆகாயத்து நிலா இல்லை, கேமராமேன் மார்கஸ் பார்ட்லி ஸ்டுடியோவில் விளக்குகளை வைத்து உண்டாக்கியது என்றார். கடோத்கஜன் வாய்க்குள் லட்டு தானாகப் போகிறதே, அது? இப்படி எடுத்திருக்கலாம் என்றார்: லட்டைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து, மறுபடி எடு. ஒரு நொடிக்கு 24 படம். கடோத்கஜனாக நடித்த ரங்காராவ் ஒரு வாய் விழுங்குவதற்குள் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்கள் எத்தனை தடவை மூச்சை அடக்க வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

ஒன்றில் மட்டும் தோற்றோம். வாய்க்காலோரம் களிமண்ணில் ஒரு சின்ன ஊர் கட்டி, மடையைத் திறந்து வெள்ளம் விட்டோம். வீடுகள் கரைந்தன, ஆனால் கூட்டுக்குள் பார்த்தபோது அது வெள்ளமாகத் தெரியவில்லை, வாய்க்கால் தண்ணீராகவே தெரிந்தது. “வீட்டச் சின்னதாக்கலாம், மரத்தச் சின்னதாக்கலாம். தண்ணித் துளி சின்னதாகாது” என்றார் மாமா. துளியின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். அதோடு சின்ன அலை சட்டென்று விழுந்துவிடும், பெரிய அலை நிதானமாக விழும். அதனால் நொடிக்கு 72 படமோ அதற்கும் மேலோ எடுத்து, 24ஆக ஓட்டுவார்கள். வேகம் குறைந்தால் தண்ணீருக்குக் கனம் கூடும். கேமரா இல்லாத எங்களுக்கு அதற்கு வழியில்லை. அன்றிலிருந்து மழை, ஆறு, குடத்திலிருந்து சிந்தும் தண்ணீர் என்று எதைக் கண்டாலும் அது விழும் வேகத்தைக் கவனித்தேன். அதுவரை தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அதில் குதித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வந்தது. குள்ள அப்புவாகக் கமல் நடந்து வந்தபோது கொட்டகையே வாய் பிளந்தது. என் கை தானாக ஒரு கண்ணை மூடியது. காலை மடக்கிக் கட்டி முழங்காலில் காலணி மாட்டி நடந்தார், நேருக்கு நேர் நடக்கும் காட்சிகளுக்குத் தரையில் பள்ளம் வெட்டி நிஜக் கால்களை அதற்குள் மறைத்தார்கள் என்று பின்னாளில் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ் பேட்டிகளில் விவரித்தார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கொல்லையில் அக்கா கால் தொங்கவிட்ட குழிதான் அது. கணினி வரைகலை தமிழ் சினிமாவுக்கு வந்து சேராத காலத்தில், ஒரு பள்ளமும் ஒரு காலணியும் ஒரு நடிகரின் வலியும் சேர்ந்து செய்த வித்தை.

மாமா இன்று இல்லை. அவர் வார்த்த தூண்கள் எந்தப் படத்தில் வருகின்றன என்பதும் எனக்குத் தெரியாது. மோல்டிங் செய்தவர்களின் பெயரை யாரும் திரையில் தேடுவதில்லை. அவர் கொடுத்த தீப்பெட்டிக் கூடு நைந்து போய்விட்டது; அதன் அளவுக்கு அட்டையில் வெட்டிய சட்டம் ஒன்று என் மேசையில் இருக்கிறது.

குறும்படம் எடுக்க ஆசைப்பட்டு, காசில்லை என்று தயங்கி நிற்கும் தம்பி தங்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்து நீட்டுகிறேன். உங்கள் கையில் இருக்கும் போனில், எங்களுக்குக் கிடைக்காத கேமராவும் இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் எந்த மென்பொருளையும் தேடுவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காட்சி நடக்கப்போகும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எப்படி விழுகிறது, கொலுசை எங்கே மாட்டலாம் என்று பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.