கோவளத்தில் ஒரு விரதம்

செங்கற்பட்டைப் பலரும் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கொளவாய் ஏரி கொஞ்ச தூரம் கூடவே வரும். ஏரி முடிந்ததும் ஜங்ஷன் வந்துவிடும். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். எனக்கோ அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே ஒரு பள்ளிக்கூடத்து மணியோசைதான் காதில் விழும்.

நான் படித்தது கத்தோலிக்கர்கள் நடத்திய உயர்நிலைப் பள்ளியில். ஸ்காட்லாந்து மிஷனின் கொலம்பா பள்ளிக்கூடமும் ஊரில் இருந்தது. என் தகப்பனார் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "சாமியார்களிடம் இங்கிலீஷும் கண்டிப்பும் ஒன்றாகக் கிடைக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். குடுமி வைத்திருந்த என் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இங்கிலீஷ் என்றதும் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

காலையில் இரண்டாவது மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பு. அரசாங்க உதவி பெறும் பள்ளியில் யாரையும் அவர் சம்மதமில்லாமல் மத போதனைக்கு உட்கார வைக்கக் கூடாது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்லுகிறது. அந்தப் பிரிவு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பாடப் புத்தகம் இல்லாத ஒரு வகுப்பு கிடைத்தது என்பதுதான். தமிழ்ப் பண்டிதர் கதை சொல்லுவார். ஐயர், முதலியார், நாயக்கர், மூன்று முஸ்லிம் பையன்கள் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்போம். ஒற்றைக் காலில் தவம் செய்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதையை அங்கேதான் முதலில் கேட்டேன்.

அடுத்த மணி அடித்ததும் எல்லோரும் பழையபடி பெஞ்சுக்கு வந்துவிடுவோம். என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் கோவளத்துக்காரன். மீனவர் வீட்டுப் பிள்ளை. ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். கணக்கில் அவன் புலி, நான் எலி. இங்கிலீஷில் நான் கொஞ்சம் தேவலை. ஆகையால் எங்கள் சிநேகம் பரஸ்பர லாபத்தில் ஆரம்பித்து, பிறகு லாப நஷ்டக் கணக்கையே மறந்துவிட்டது.

அவன் பூசையில் உதவி செய்கிற பையன். அப்போதெல்லாம் பூசை லத்தீனில்தான் நடக்கும். வாடிகன் சங்கத்தின் தீர்மானங்களுக்குப் பிறகுதான், நான் பள்ளியை விட்ட சமயத்தில், தமிழ் வந்தது. சாமியார் சொல்லுவதற்கு அவன் மடமடவென்று லத்தீனில் பதில் சொல்லுவானாம். "அர்த்தம் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டேன். "உனக்கு சந்தியாவந்தனத்துக்கு அர்த்தம் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டான். இருவரும் சிரித்தோம். அன்று முதல் சிநேகம் இன்னும் பலப்பட்டது.

சரித்திர உபாத்தியாயருக்கும் எங்கள் பெஞ்சைப் பிடிக்கும். 1752-இல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோவளம் கோட்டையையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் அடுத்தடுத்துப் பிடித்தான். அந்தப் பாடம் வந்த அன்று உபாத்தியாயர் எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "முதலில் விழுந்தவன் இவன், பிறகு விழுந்தவன் அவன்" என்று சுட்டிக் காட்டினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

1964 ஜனவரியில், நாங்கள் பத்தாம் வகுப்புப் படித்தபோது, எங்களை ஒரு சனிக்கிழமை மகாபலிபுரத்துக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போனார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் போயிற்று. உச்சி வேளையில் மலைமேல் வந்து உணவு பெற்றுப் போகும் இரண்டு கழுகுகளைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் அடம் பிடித்தோம். "கழுகுக்காகக் காத்திருந்தால் கல்லைப் பார்க்க முடியாது" என்றார் எங்களுடன் வந்த சாமியார். இப்போது அந்தக் கழுகுகளும் வருவதில்லை.

மகாபலிபுரத்தில் அர்ஜுனன் தபசுப் பாறை முன்னால் எங்களை நிறுத்தினார். சுமார் 90 அடி நீளத்துக்கு யானையும் முனிவரும் தேவரும் நாகரும் நெருக்கியடித்து நிற்கும் பாறை அது. தவம் செய்கிறவன் அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எங்களுக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. யானையின் காலடியில், முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள். பண்டிதர் சொன்ன அதே பூனை! சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "மேலே நிஜத் தவம், கீழே பொய்த் தவம். இரண்டையும் ஒரே கல்லில் வைத்த சிற்பி பெரிய ஞானி. உங்களில் யார் பூனை?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினேன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்ததும் நான்தான்.

மத்தியானம் பஸ் கேளம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு கோவளம் போயிற்று. கடலைப் பார்த்த மாதிரி 1808-இல் கட்டிய கார்மேல் மாதா கோயில்; கொஞ்ச தூரத்தில் தமீம் அன்சாரி தர்கா. என் சிநேகிதன் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு என்று சாமியார் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் பையன்கள் மீன் குழம்பும் சோறுமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாமியாரும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சிநேகிதனின் தாயார் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வா தம்பி, ஐயரு வூட்டுப் புள்ள நீதானே? உனக்குன்னு தனியா அடுப்பு மூட்டிப் புதுப் பானையில பொங்கியிருக்கேன். மீன் வாசனையே படாது. டம்ளரும் புதுசு" என்றாள். பந்தலுக்கு வெளியே, வேலியோரம், மூன்று கற்களை வைத்து மூட்டிய அடுப்பு. மேலே சின்ன மண்பானை. பக்கத்தில் ஒரு வாழையிலை, கழுவித் துடைத்து வைத்திருந்தது.

எனக்குப் பசி இருந்தது. அந்தச் சோற்றின் மேல் எனக்கு அருவருப்பும் இல்லை, சத்தியமாகச் சொல்லுகிறேன். ஆனால் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் பந்தலில் இருந்தார்கள். சாயங்காலமே என் பாட்டிக்குச் சமாசாரம் போய்விடும்.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றேன்.

அந்த அம்மாள் முகம் மாறியது, ஆனால் கோபத்தினால் அல்ல. ஏதோ குற்றம் செய்துவிட்டவளைப் போல, "ஐயோ, தெரியாம சோத்தைக் காட்டிட்டேனே" என்று பானையை மூடினாள்.

நான் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து, பின் சீட்டில் உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தைப் பிரித்தேன். இரண்டாவது கவளம் வாயில் இருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. என் சிநேகிதன், கையில் சீவிய இளநீருடன் நின்றான். "விரதத்துக்கு இளநீர் ஆகும்னு அம்மா..." என்று ஆரம்பித்தவன் பொட்டலத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இளநீரை சீட்டின் மேல் சாயாமல் வைத்தான். "குடிச்சுடுடா, பஸ் ஆடினா கொட்டிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் பொய்க்காரனுக்கெல்லாம் 'பூனை' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை அந்த வார்த்தை காதில் விழும்போதும், இப்போது அவன் என்னைக் காட்டப் போகிறான் என்று நடுங்குவேன். அவன் காட்டவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கணக்குக்கு வழக்கம்போல் விடை காட்டினான்.

பிப்ரவரியில் அவர்களுக்குத் தபசுகாலம் தொடங்கிற்று. சாம்பல் புதன்கிழமையன்று ஹாஸ்டல் பையன்கள் நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நானும் விபூதி பூசியிருக்கேன் பாருடா. எனக்கும் விரதம்" என்றான். குத்திக் காட்டினானா, சாதாரணமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் நானும் என் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. காரணத்தை அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாக நிற்பார்கள். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, லேசான முகத்தோடு வெளியே வருவார்கள். நல்லொழுக்க வகுப்பில் அந்த வசதி கிடையாது. எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது.

1965-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். இரண்டு கடிதம் எழுதினான். ஒன்றுக்குப் பதில் போட்டேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. மகாபலிபுரத்துச் சின்னங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 2002-இல் செங்கற்பட்டு தனி மறைமாவட்டமாயிற்று. பத்திரிகையில் இவற்றையெல்லாம் படிக்கும்போது அவன் நினைவு வரும், மறுபடி போய்விடும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. அடிபட்ட ஊர்களின் பட்டியலில் கோவளத்தைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜனவரியில் கிளம்பிப் போனேன். கரை நெடுக உடைந்த படகுகளும் அறுந்த வலைகளும் கிடந்தன. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பந்தல் இருந்த இடத்தில் ஓட்டு வீடு. அவன் வெகு காலத்துக்கு முன்பே வேலையோடு வடக்கே போய்விட்டானாம், சௌக்கியமாக இருக்கிறானாம். தாயார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இதைச் சொன்னவள் அவனுடைய தம்பி மருமகள்.

"வெயில்ல வந்திருக்கீங்க ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

குடித்தேன். இன்னும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மூன்றாவது டம்ளரையும் நான் நீட்டியபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குடத்தையே எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். பாவம், கிழவருக்கு அவ்வளவு தாகம் என்று நினைத்திருப்பாள்.