இல்லாத ஆண்டின் வெள்ளி டாலர்... டென்வரில் ஒரு காசு வேட்டை!

அமெரிக்காவில் யாராவது உங்களுக்குச் சில்லறை கொடுத்தால், காசைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'டி' என்று இருந்தால், அது டென்வரில் பிறந்த காசு.

கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். ராக்கி மலைத்தொடரின் காலடியில் இருக்கிற ஊர். வருகிறவர்கள் பெரும்பாலும் மலையைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் நாணயம் சேர்ப்பவர். அதனால் என் சுற்றுலா, மலையில் ஆரம்பிக்காமல் நாணயச்சாலையில் ஆரம்பித்தது. 'மலை எங்கேயும் போயிடாதும்மா' என்றார் மாமா.

வெஸ்ட் கோல்ஃபாக்ஸ் அவென்யூவில் இருக்கும் அந்த அரசு நாணயச்சாலை, பார்ப்பதற்கு ஒரு பழைய அரண்மனை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் உள்ள மெடிசி குடும்பத்து மாளிகையை முன்மாதிரியாக வைத்துக் கட்டியது. 1906-ல் இங்கே காசு அடிக்கத் தொடங்கினார்கள். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால், கைப்பை, முதுகுப்பை எதுவும் கூடாது. உள்ளே படம் எடுக்கவும் தடை. செல்ஃபி இல்லாத சுற்றுலாவா என்று கேட்காதீர்கள், கண்ணால் பார்க்க அவ்வளவு இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அச்சு இயந்திரங்கள் நிமிடத்துக்கு 750 காசுகள் வரை துப்பும் வேகம் உள்ளவை. வெற்று உலோக வில்லை உள்ளே போகிறது, மேலும் கீழும் இரண்டு அச்சுகள் ஒரே அமுக்கு. வெளியே விழும்போது அது பணம்!

எங்கள் வேட்டை அந்தப் பணத்துக்கு அல்ல. இதே கட்டடத்தில் அடிக்கப்பட்டு, ஒன்றுகூட வெளியே வராமல் அழிந்துபோன ஒரு காசுக்கு.

பத்தே நாளில் செத்துப்போன டாலர்

முதல் உலகப்போர் முடிந்த நினைவாக, 1921-ல் அமெரிக்கா 'பீஸ் டாலர்' என்ற வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. சுதந்திர தேவியின் முகம் ஒரு பக்கம், இளைப்பாறும் கழுகு மறுபக்கம். சிற்பி ஆன்டனி டி ஃபிரான்சிஸி, தேவியின் முகத்துக்கு மாதிரியாகத் தன் மனைவி தெரசாவையே உட்கார வைத்தார். 38.1 மில்லிமீட்டர் அகலம், 26.73 கிராம் எடை, 90 சதவிகிதம் வெள்ளி. 1935-ம் ஆண்டோடு அந்த வரிசை முடிந்துபோனது.

ஆனால், மேற்கு மாநிலங்களில் வெள்ளி டாலர் புழக்கம் தொடர்ந்தது. சூதாட்ட விடுதிகளில் அதுதான் ஓடும். தட்டுப்பாடு வந்ததும் 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 4.5 கோடி வெள்ளி டாலர் அடிக்க அனுமதி கொடுத்தது. 1965 மே மாதம் டென்வரில் வேலை தொடங்கியது. காசில் போட்ட ஆண்டு மட்டும் 1964.

மே 15-ம் தேதி அறிவிப்பு வந்ததுமே வியாபாரிகள் ஒரு டாலர் காசுக்கு ஏழரை டாலர் தருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். நாட்டில் சாதாரணச் சில்லறைக்கே தட்டுப்பாடு, இதில் பதுக்கல்காரர்களுக்காக வெள்ளியை உருக்கி டாலர் அடிப்பதா என்று எதிர்ப்பு. பத்து நாளில் அரசு பின்வாங்கியது. அதற்குள் அடித்து முடித்திருந்தது 3,16,076 காசுகள். அத்தனையையும் உருக்கிவிட்டார்கள்.

அத்தனையையுமா? இங்கேதான் வதந்திக்கு உயிர் வந்தது. உருக்கியபோது ஒவ்வொன்றாக எண்ணாமல் எடை போட்டுத்தான் சரிபார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. எடைக்கு எடை வேறு டாலரைப் போட்டுவிட்டு யாராவது இதை எடுத்துப் போயிருந்தால்? எங்கோ ஒரு அலமாரியில் அது இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அசலைக் கண்ணில் காட்டினாலே 10,000 டாலர் என்று ஒரு நாணயத் தரச்சான்று நிறுவனம் 2013-ல் அறிவித்தது. இதுவரை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. காட்டினாலும் சிக்கல்தான். அது அரசின் சொத்து என்பதால், வைத்திருப்பதே குற்றம் என்பது அரசின் நிலை.

இல்லாததை அடித்தவர்

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் டேனியல் கார். இவரும் கொலராடோக்காரர். அமெரிக்க அரசின் கால் டாலர் காசுகளில், 2001-ம் ஆண்டு வந்த நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் காசுகளை வடிவமைத்தவர். அதாவது, அரசாங்கமே ஏற்றுக்கொண்ட கலைஞர். 'மூன்லைட் மின்ட்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு நாணயப் பட்டறை வைத்திருக்கிறார். அதற்கு அவர் வாங்கிய அச்சு இயந்திரம், டென்வர் நாணயச்சாலை வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய இயந்திரம்!

2010-ல் அவர் செய்தது இதுதான். 1920-களில் வந்த உண்மையான பீஸ் டாலர்களை வாங்கினார். தானே செதுக்கிய அச்சில் அவற்றை வைத்து மறுபடி அடித்தார். புதிய அச்சில் ஆண்டு, 1964. பக்கத்தில் டென்வரின் 'டி'. உள்ளே இருப்பது அரசு வெளியிட்ட அதே வெள்ளி, அதே எடை. மேலே இருக்கும் முகம் மட்டும் கனவு. இப்படி, காசின் மேல் காசு அடிப்பதை நாணயம் சேர்ப்பவர்கள் 'ஓவர்ஸ்ட்ரைக்' என்கிறார்கள். நடக்காத ஒரு வெளியீட்டைக் கற்பனையாக அடித்தால், அது 'ஃபேன்டஸி' காசு. உற்றுப் பார்த்தால் சிலவற்றில் பழைய காசின் கோடுகள் நிழல்போலத் தெரியும். அந்த நிழலைத்தான் மாமாவைப் போன்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள்.

இன்று இவை சில நூறு டாலருக்குக் கைமாறுகின்றன. கிட்டத்தட்ட 27 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளிக் காசுக்கு இது மிக அதிகம்தான். எத்தனை அடித்தேன் என்ற கணக்கை அவரே வெளியிடுவதால், அரிதான பொருளுக்குரிய கிராக்கி வந்துவிட்டது.

கண்ணாடிச் சட்டத்தில் ஒரு காலி இடம்

மாமாவின் வேலை அறையில், சுவரில் ஆழமான ஒரு கண்ணாடிச் சட்டம். கறுப்புத் துணி விரித்த பலகையில் வட்டக் குழிகள். 1921 முதல் 1928 வரை எட்டு, பிறகு 1934, 1935. பீஸ் டாலர் வந்த பத்து ஆண்டுகளுக்கும் ஒவ்வொன்று. அதற்கு அடுத்து ஒரு குழி காலி. காலிக்குப் பிறகு, தனியாக, பளபளவென்று 1964.

'அந்தக் காலிக் குழிதான் நிஜமான 1964. அது யார்கிட்டயும் இல்லை. பக்கத்துல இருக்கிறது கார் அடிச்சது' என்றார் மாமா. காட்சிக்கு வைப்பதில் இவ்வளவு யோசனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு காசின் கீழும் ஒரு சிறு அட்டை. கடைசிக் காசின் அட்டை மட்டும் பெரிது. தமிழிலும் ஆங்கிலத்திலும்: 'தனியார் பட்டறையில் 2010-ல் அடித்தது. அரசு நாணயம் அல்ல.'

அந்த அட்டை வந்த கதையை அக்கா சொன்னாள். பத்து வயது மகன், வீட்டுக்கு வந்த நண்பனிடம், 'இது உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு, எங்கப்பாகிட்ட இருக்கு. பத்து மில்லியன் டாலர்' என்று சொல்லியிருக்கிறான். நண்பன் அவன் அப்பாவிடம் சொல்ல, அவர் போனில் விசாரிக்க, அன்றிரவே மாமா அட்டை எழுத உட்கார்ந்துவிட்டாராம்.

'எனக்கு ஒண்ணு ஆயிட்டா, இவன் இதை வித்துடுவான். வாங்கறவன் ஏமாறுவான். இல்லைன்னா இவனையே யாராவது ஏமாத்துவான்' என்றார் மாமா. மகன் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: 'சித்தி, அப்போ அது பொய்க் காசா?' பொய்க் காசு இல்லை, வெள்ளி நிஜம் என்றேன். 'அப்போ வருஷம்தான் பொய்யா?' என்றான். ஆமாம், அவ்வளவுதான் விஷயம். பெரியவர்கள் பத்தாண்டுக்கும் மேலாகச் சண்டை போடுவது இந்த ஒரு வரிக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் காசை நசுக்குவதோ உருமாற்றுவதோ தானாகவே குற்றமாகிவிடாது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். சுற்றுலாத் தலங்களில் ஒரு சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அதை நீளமாக நசுக்கிப் படம் பதித்துத் தரும் இயந்திரங்கள் இருக்கின்றனவே, அதெல்லாம் இந்த விதியின் தயவில்தான் ஓடுகின்றன. கார் தரப்பும் இதைத்தான் சொல்கிறது: 'நான் போலி செய்யவில்லை. நிஜக் காசை உருமாற்றுகிறேன். அசலே இல்லாதபோது இது எதற்கு நகல்?'

எதிர்ப்பாளர்கள் கையில் எடுப்பது, 1973-ல் வந்த, நாணயச் சேகரிப்பாளர்களைப் பாதுகாக்கும் சட்டம். பழைய காசைப் போலச் செய்யும் எதிலும் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என்கிறது அது. 1964 டாலர் உண்மையிலேயே அடிக்கப்பட்டு, பிறகுதானே உருக்கப்பட்டது. அப்படியானால் இது நகல்தானே என்பது அவர்கள் கேள்வி.

என்னைக் கேட்டால், காசிலேயே ஓரமாக ஒரு சிறு அடையாளம் இருந்திருக்கலாம். அட்டை தொலைந்துபோகும், காசு தொலையாது. ஆனால், மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடையாளம் போட்டால் கனவு கலைந்துவிடுமாம்!

எல்லாத் தனியார் காசுக்காரர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 'லிபர்ட்டி டாலர்' என்ற பெயரில் சொந்தமாக வெள்ளிக் காசு அடித்து, அதை மக்கள் பணமாகவே பயன்படுத்தலாம் என்று பரப்பிய பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் 2011-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அலமாரியில் வைக்கும் காசு வேறு, கடையில் நீட்டும் காசு வேறு.

அரசே செய்த கற்பனை

டென்வரிலிருந்து தெற்கே சுமார் 110 கிலோமீட்டர் ஓட்டினால் கொலராடோ ஸ்பிரிங்ஸ். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. வழி நெடுக வலது பக்கம் மலை வருவதால், அக்காவின் மலை ஆசையும் தீர்ந்தது.

இந்தச் சங்கத்தின் பெருமைகளில் ஒன்று, 1804 என்று ஆண்டு போட்ட ஒரு வெள்ளி டாலர். இந்த வகைக் காசு 1804-ல் அடிக்கப்பட்டதே அல்ல! சயாம் மன்னர், மஸ்கட் சுல்தான் போன்றவர்களுக்குப் பரிசளிக்க, 1834-ல் அமெரிக்க அரசே பழைய ஆண்டைப் போட்டு அடித்தது. பின்னாளில் நாணயச்சாலைக்காரர்கள் மேலும் சிலவற்றை அடித்தார்கள். இங்கே இருப்பது அந்தப் பிந்தைய வகை. அரசு பொய் ஆண்டு போட்டால் பொக்கிஷம், தனியாள் போட்டால் வழக்கா என்று மாமா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை, ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

இன்னொன்று, 1913 லிபர்ட்டி நிக்கல். ஐந்து சென்ட் காசு. அதிகாரபூர்வ அனுமதியே இல்லாமல் பிறந்தது. உலகத்தில் மொத்தமே ஐந்துதான். அதில் ஒன்று ஜார்ஜ் வால்டன் என்பவரிடம் இருந்தது. 1962-ல் அவர் கார் விபத்தில் இறந்தார். குடும்பத்தார் காசைக் காட்டியபோது, 'இது போலி' என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய சகோதரி அதைத் தூக்கி எறியாமல் அலமாரியில் போட்டு வைத்தார். 41 ஆண்டுகள் கழித்து, 2003-ல் மற்ற நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது தெரிந்தது, அது அசல்! 2013-ல் 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. சரியான ஒரு குறிப்பு கூடவே இருந்திருந்தால், அந்த வீட்டின் கதையே மாறியிருக்கும். மாமாவின் அட்டை எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

நம்ம ஊரிலும் உண்டு

காசின் மேல் காசு அடிப்பது மெட்ராஸுக்குப் புதிதல்ல. 1808-ம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. தமிழ் எழுத்தும் உண்டு. இவற்றில் சில, ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர்களின் மேலேயே அடிக்கப்பட்டவை. கோபுரத்தின் ஓரத்தில் ஸ்பானிய எழுத்தின் மிச்சம் தெரியும் காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு.

கற்பனைக் காசும் நம்மிடம் தாராளம். '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் செப்புக் காசுகளைச் சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். லட்ச ரூபாய் பெறும், அரிசியை இழுக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கார் தான் செய்ததைச் சொல்லி விற்கிறார். இங்கே சொல்லாமல் விற்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ரூபாய்க் காசை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்க்க வேண்டாம். 2011-ம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டப்படி காசை உருக்கினாலோ அழித்தாலோ ஏழு ஆண்டு வரை சிறை.

சேர்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு மாமா சொன்ன சில விஷயங்கள்: காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்கு மதிப்புப் பாதி போய்விடும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு வரும், கெட்டியான காப்ஸ்யூல்தான் நல்லது. சென்னை போன்ற ஈரமான ஊரில் சட்டத்துக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். வாங்கும்போது முதலில் எடை போடுங்கள், 26.73 கிராமுக்கு நிறையவே குறைந்தால், அது கார் அடித்ததும் இல்லை, வெள்ளி முலாம் பூசிய மலிவுச் சரக்கு. எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

டென்வர் நாணயச்சாலைக்குப் போகிறவர்களுக்கு: நுழைவுச்சீட்டு செரோக்கி தெருப் பக்கமுள்ள ஜன்னலில், அன்றைக்குள்ளதை அன்றைக்கே, காலையில் தருகிறார்கள். கோடை விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.