கமிஷனுக்கு உள்ளே இருவர்

2020 செப்டம்பர், கொரோனா காலம். வாதி எழுபதைத் தாண்டியவர், மூச்சிரைப்பு உள்ளவர். பக்கத்து மனைக்காரர் அடித்தளம் போட இவர் சுவரை ஒட்டியே தோண்டிவிட, படுக்கையறைச் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. ஐப்பசி மழைக்குச் சுவர் தாங்காது என்று தடை கேட்டிருந்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-இன்படி என்னை ஆணையராக நியமித்த நீதிமன்றம், பொறியாளர் உதவியுடன் ஆய்வு செய்யச் சொன்னது.

இப்படி ஆணையர் ஆய்வு, அதாவது கமிஷன் என்றால் இரு தரப்பு வக்கீல்கள், ஜூனியர்கள், கட்சிக்காரரின் மச்சான் வரை உள்ளே நுழைந்து ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்த அறையோ பத்துக்குப் பத்து. நெரிசலான, காற்றோட்டமில்லாத இடங்களில் காற்றுவழிப் பரவலை மறுக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் ஜூலையிலேயே சொல்லியிருந்தது. கிருமிநாசினி தெளிப்பதில் காட்டிய அக்கறையை ஜன்னலைத் திறப்பதில் நம்மவர்கள் காட்டவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. தொற்றுக்குப் பயந்து, பிரதிவாதியான பக்கத்து மனைக்காரரை வராதே என்று சொல்லிவிட முடியுமா? ஒரு தரப்புக்குப் பார்க்க வாய்ப்புத் தராத அறிக்கை எப்படி நிற்கும்?

ஆகவே நோட்டீஸிலேயே எழுதினேன்: வீட்டுக்குள் நானும் பொறியாளரும் மட்டும். மற்றவர்கள் தெருவில் நின்று வீடியோ காலில் பார்க்கலாம், கேட்கலாம். எதையெல்லாம் குறிக்க வேண்டும் என்று முன்னதாகவே மெமோ தர வேண்டும். யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் தேதி மாறும். இரு வக்கீல்களும் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள்.

அன்று காலையிலிருந்தே ஜன்னல்கள் திறந்திருந்தன. பெரியவரும் மனைவியும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். வெளியே குழியை அளந்தபோது எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள். உள்ளே, ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக இறங்கியிருந்தது. மேலே 6 மில்லிமீட்டர், கீழே மயிரிழை. பழைய விரிசல் என்பது பிரதிவாதியின் வாதம். ஆனால் உள்விளிம்பில் பூச்சு வெள்ளை வெளேரென்றிருந்தது. தூசி இல்லை, ஒட்டடை இல்லை. "சார், கதவுக்கு மேலே காட்டுங்க" என்றார் பிரதிவாதியின் வக்கீல் போனில். அங்கே ஒரு விரிசல், அழுக்கடைந்து கிடந்தது. அதையும் படமெடுத்து, பழையது என்றே எழுதினேன்.

அறிக்கை தாக்கலானதும் பிரதிவாதியின் ஆட்சேபணை வந்தது: எங்களை உள்ளே விடவில்லை. நீதிபதி சம்மதக் கடிதத்தைப் படித்தார்; கதவுக்கு மேலுள்ள விரிசல் யார் கேட்டுப் பதிவானது என்று வினவினார். ஆட்சேபணை தள்ளுபடியானது. மேற்கொண்டு தோண்டத் தடை, மழைக்கு முன் தாங்குசுவர் கட்ட உத்தரவு. ஐப்பசி பிறப்பதற்குள் சுவர் எழும்பிவிட்டது.