கடல் கடந்த மடல்: மஞ்சப்பையும் 14 இலக்கமும்

பர்மிங்காம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வீடியோ காலில் அம்மாவின் மஞ்சப்பையைக் கொட்டிக் காட்டினீர்களே, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சித்தூர் ஓ.பி. சீட்டு, பாலக்காட்டு ரத்த ரிப்போர்ட், கோவையில் எடுத்த ஈ.சி.ஜி. மூன்றையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் ஒருவரும் இல்லை. கோவைச் சீட்டில் ஒருவர் 'ரிப்பீட் ஆல்' என்று கிறுக்கியிருந்தார். எதை ரிப்பீட் செய்வது? முந்தைய மருந்துச் சீட்டோ பாலக்காட்டில் தொலைந்துவிட்டது.

கேரள எல்லையில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாட்டின் கோவை. வண்டிப்பெரியாறு அக்காவுக்குக் குமுளி இறங்கினால் கம்பம், தேனி. நாம் எல்லை தாண்டுகிறோம், நம் மருத்துவ ஏடு தாண்டுவதில்லை.

இங்கே இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவை (என்.எச்.எஸ்.) கொடுத்த என் பத்து இலக்க எண்ணைத் தட்டினால் பழைய இருமல்கூடத் திரையில் வந்து நிற்கும். ஆனால் போன மாதம் முதுகுவலி என்று போனபோது, டாக்டர் என் முகத்தைப் பார்த்தது இரண்டே முறை. மற்ற நேரமெல்லாம் தட்டச்சுதான். "கணக்கெழுதவா டாக்டருக்குப் படித்தேன்?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2009இல் சட்டம் போட்டு, பணத்தைக் கொட்டி டாக்டர்களைக் கணினிக்கு இழுத்தார்கள். 2016இல் 57 டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்தபோது, நோயாளியோடு ஒரு மணி நேரம் என்றால் கணினியோடும் மேசை வேலையோடும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போவது தெரிந்தது. டாக்டர்கள் ஏன் கணினியை வெறுக்கிறார்கள் என்று அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2018இல் 'நியூயார்க்கர்' இதழில் நீண்ட கட்டுரையே எழுதினார். நோயாளியின் பழைய கதை வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அதைத் தட்டி ஏற்றும் கூலிவேலைதான் கசக்கிறது. வாசல்வரை வரிசை நிற்கும் நம்மூர் ஓ.பி.யில் அந்தக் கசப்பு இன்னும் கூடும்.

கேரள அரசு ஆஸ்பத்திரிகளில் இ-ஹெல்த் என்ற கணினிப் பதிவு வந்திருக்கிறது. 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க எண்ணும் உண்டு. நாம் சம்மதித்தால் எந்த மாநில டாக்டரும் நம் ஏட்டைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பதிவதற்கு ஓர் ஆளை டாக்டர் பக்கத்தில் உட்காரவைக்காமல் எண்ணை மட்டும் கொடுத்தால், அது வெறும் சட்டிதான்.

அதுவரை மஞ்சப்பையே துணை. தொலைந்த சீட்டை, அதைக் கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஏட்டைத் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. இன்னொன்று, அந்த ஈ.சி.ஜி. தாள் சூட்டில் அச்சாவது. நாளாக நாளாக வெளுத்துவிடும். வீடியோவிலேயே கோடுகள் பாதி மங்கியிருந்தன. நாளைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அண்ணா.

அன்புடன்,
தம்பி