ஆஃப்ரோ முடி: பார்க்க முரடு, ஆனா சீக்கிரம் உடையும்

1/ ஆப்பிரிக்க வம்சாவளி மக்களோட சுருள் முடியைப் பார்த்ததும் "அடர்த்தியான முரட்டு முடி, எதையும் தாங்கும்"னு தோணும். உண்மை நேர் எதிர். எளிதா வறண்டு, எளிதா உடையுற முடி அது. வெளிநாட்டில் இருக்கிற நம்மவங்க சிலர் வீட்டிலும் இந்த முடியோட குழந்தைகள் உண்டு. நமக்குப் பழகின தலைவாரும் முறை அவங்களுக்குச் சரிப்படாது. ஏன்னு பார்ப்போம்.

2/ சீனர், ஜப்பானியர் முடியைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தா கிட்டத்தட்ட வட்டமா இருக்கும். ஆஃப்ரோ முடி தட்டையான நீள்வட்டம். முளைக்கிற வேர்க்குழியே வளைஞ்சிருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். சீப்பு மாட்டுறதும் அங்கதான், முடி முறியுறதும் அங்கதான்.

3/ தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய், நேரான முடியில் நுனி வரைக்கும் தானா இறங்கும். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட முடியில் அவ்வளவு சுலபமா இறங்காது. அதனாலதான் வேர்ப்பக்கம் பிசுக்கு இருந்தாலும் நுனி காய்ஞ்சு கிடக்கும்.

4/ வகை கண்டுபிடிக்கிறது எப்படி? அமெரிக்க சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் ஒரு வரிசை போட்டார். 1 நேர்முடி, 2 அலைமுடி, 3 சுருட்டை, 4 நெருக்கமான சுருள். ஆஃப்ரோ முடி பெரும்பாலும் நாலாம் வகை.
4ஏ: தெளிவான சின்னச் சின்ன ஸ்பிரிங்.
4பி: 'இசட்' எழுத்து மாதிரி மடிப்பு.
4சி: ரொம்ப நெருக்கம், தனிச் சுருள் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பிற்பாடு மக்களே சேர்த்துக்கிட்டாங்க.

5/ தலைக்குக் குளிச்சு, எதுவும் தடவாம உலர்ந்த முடியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஒரே தலையில் ரெண்டு மூணு வகை இருக்கிறது சகஜம். காய்ஞ்சதும் பாதி நீளத்துக்கும் மேல சுருங்கிடலாம். "முடி வளரவே மாட்டேங்குது"ன்னு கவலைப்படுறவங்களுக்குப் பல நேரம் காரணம் இந்தச் சுருக்கமும் நுனி உடையுறதும்தான்.

6/ எண்ணை விட முக்கியம், முடி தண்ணியை எப்படி வாங்குதுங்கிறது. தண்ணி மேலேயே முத்து முத்தா நின்னா மெல்லிசான கண்டிஷனர் போதும். சட்டுனு நனைஞ்சு சட்டுனு காய்ஞ்சா கெட்டியான கிரீம் தேவை. ஒரு முடியை டம்ளர் தண்ணியில் போட்டு மிதக்குதான்னு பார்க்கிற சோதனையை நம்பாதீங்க. முடியில் ஒட்டியிருக்கிற எண்ணெயே அதை மிதக்க வெச்சுடும்.

7/ பராமரிப்பு:
• வாரம் ஒரு முறை அல்லது ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை ஷாம்பு. தினமும் வேண்டாம்.
• ஒவ்வொரு முறையும் கண்டிஷனர், நுனிக்கு நல்லா.
• ஈரத்தோட, கண்டிஷனர் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால், நுனியில் ஆரம்பிச்சு மேல ஏறணும். காய்ஞ்ச முடியை வாராதீங்க.
• முதல்ல ஈரம், அப்புறம் எண்ணெய். எண்ணெய் ஈரத்தைக் காக்கும், ஆனா தானே ஈரம் ஆகாது.
• தூங்கும்போது சாட்டின் துணி கட்டிக்கலாம். பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி, முடியையும் உரசும்.

8/ இப்போ முக்கியமான விஷயம். பின்னல் முடியைப் பாதுகாக்கும்னு சொல்வாங்க. தளர்வா இருந்தாத்தான் அது உண்மை. இறுக்கிப் பின்னினா வேர் இழுபட்டு முடி கொட்டும். இதுக்கு இழுவை வழுக்கைன்னு பேர். முதல்ல வலி, வேர்ப்பக்கம் சின்னக் கொப்புளம், பிறகு நெற்றி ஓரமும் காதுப்பக்கமும் மெலியும். இந்தக் கட்டத்தில் அவிழ்த்துட்டா முடி திரும்ப வரும். வருஷக்கணக்கா தொடர்ந்தா வேர்க்குழி தழும்பாகிடும், அப்புறம் எந்த எண்ணெயும் பலிக்காது. நம்ம ஊர் ரெட்டை ஜடைக்கும் இதே விதிதான்.

9/ உச்சந்தலை நடுவில் ஆரம்பிச்சு வட்டமா பரவுற முடி உதிர்வு வேற நோய். கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும். அதுவும் தழும்பாகும். தள்ளிப்போடாம தோல் மருத்துவரைப் பாருங்க.

10/ முடியை நேராக்குற ரிலாக்ஸர் பலதிலும் இருக்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம காஸ்டிக் சோடான்னு சொல்றது. தலைத்தோலைப் பொசுக்கும். அமெரிக்காவில் 33,000-க்கும் அதிகமான பெண்களை வெச்சு நடந்த ஆய்வு 2022-ல் வெளியாச்சு. முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவங்களுக்கு 70 வயசுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64%, அடிக்கடி பயன்படுத்தினவங்களுக்கு 4.05%னு கணக்கிட்டாங்க. இது தொடர்புதான், நிரூபணமான காரணம் இல்ல. ஆனா யோசிக்க வைக்குது.

11/ இவ்வளவு ஆபத்தோட ஏன் நேராக்குறாங்க? இயற்கை முடியோட வேலைக்கும் பள்ளிக்கும் போனா "சுத்தமா இல்ல"ன்னு ஒதுக்கினாங்க. அதைத் தடுக்க கலிஃபோர்னியா 2019-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்துச்சு. சுருள் முடி நோய் இல்ல, அழுக்கும் இல்ல.

12/ குழந்தைக்குத் தலை பின்னும்போது "வலிக்குது"ன்னு அழுதா, "அழகா இருக்கணும்னா பொறுத்துக்கோ"ன்னு சொல்லாதீங்க. உடனே அவிழ்த்துத் தளர்வா பின்னுங்க. வலிதான் முதல் எச்சரிக்கை.