கறிவேப்பிலை தூரம்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அடியே,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று வையாதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலி மிச்சமில்லை. இதைக்கூடக் குதிர்மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் வெளியூர் போகணும், ஹோட்டல் சாப்பாடு அவருக்கு ஆகாது, வீடு எடுத்து நாமே பொங்கிக்கொள்ளணும், அதற்காக எதற்கெடுத்தாலும் கார் ஏறிக்கொண்டிருக்கவும் கூடாது என்று எழுதியிருக்கிறாய். கொடைக்கானலா, கானாடுகாத்தானா, தரங்கம்பாடியா என்று கேட்கிறாய். மூன்றும் வேண்டாம். பாண்டிச்சேரிக்குப் போ.

உதட்டைச் சுழிக்காதே. உன் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. எல்லாரும் போகிற பாண்டிச்சேரி வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது. நான் சொல்வது மேற்கே. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் உன் மூன்று ஊருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நடக்க அஞ்சு கிலோமீட்டர், சமதரை, நல்ல பாதை. யார் இல்லை என்றது? ஆனால் வாடகைக்குக் கிடைக்கிற வீடெல்லாம் மேட்டில் இருக்கும். பால் பாக்கெட் வாங்க இறங்கலாம். ஏறி வருவதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கும், உனக்குக் கோபம் வரும்.

கானாடுகாத்தான் அழகுதான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு வீட்டைக் கடந்தாலே உலாத்தின கணக்கு ஆகிவிடும். நடுத்தெருவில் கையை வீசி நடக்கலாம், வண்டி வராது. வண்டி ஏன் வரவில்லை என்று யோசித்தாயா? கடை இல்லை. நாலு பேர் வாய்க்கு ருசியாகச் சமைக்கிற அளவுக்குக் காய் வேண்டுமென்றால் காரைக்குடிக்குப் போகணும். அப்புறம் கார்தான்.

தரங்கம்பாடியைத்தான் எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டின ஊர். 1792இல் எழுப்பின நகர வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் பத்து நிமிஷத்தில் கடல். காலையில் அந்தக் காற்றை மூச்சில் வாங்கினால் பாதி வியாதி போய்விடும். கரையில் கோயில் ஒன்று நிற்கிறது, மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. ஆனால் ஒரு சாயங்காலத்தில் ஊர் முடிந்துவிடும். உங்கப்பா முதல் நாளே எல்லாக் கல்வெட்டையும் வாசித்து முடித்து, இரண்டாம் நாள் உன்னை வாசிக்க ஆரம்பிப்பார். மளிகைக்குப் பொறையாறு போகணும். ஒரு ராத்திரிக்கு சரி, நாலு நாளுக்கு ஆகாது.

இவரும் நானும் அத்தையைக் கூட்டிக்கொண்டு போக ஊர் தேடினபோது நான் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடமெல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது ஹோட்டலில் தங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி. நமக்கு அது இல்லை. எண்ணெய் காய்கிறது, கடுகு பொரிகிறது, கறிவேப்பிலை இல்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிட முடியுமா? முடிந்தால் அது நடக்கிற ஊர். கோபுரமும் கோட்டையும் ஒரு நாள் ஒரு தடவை. கறிவேப்பிலை, பால், தயிர், பச்சைமிளகாய் தினம் மூன்று தடவை.

பாண்டிச்சேரியில் இது நடக்கிறது. ஒரு காரணம், ஊரே கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது. 1693இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் அவர்கள் போட்ட கோடுதான் இந்த நேர் வீதிகள் என்கிறார்கள். அப்புறம் 1761இல் இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கியும், திரும்பக் கட்டினவர்கள் அதே கோட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வழி தப்பவே முடியாது. எந்தக் குறுக்கு வீதியில் நின்றாலும் கிழக்கே நடந்தால் கடல். மேடில்லை பள்ளமில்லை. ஆ, இன்னொன்று: அங்கே யாரும் தெரு என்று சொல்ல மாட்டார்கள், எல்லாம் வீதிதான். நான் ஒரு கிழவியிடம் "இது எந்தத் தெரு" என்று கேட்டு, "மெட்ராஸா?" என்று பதிலுக்குக் கேள்வி வாங்கினேன். திருச்சிக்காரியை எவ்வளவு கேவலப்படுத்திவிட்டாள் பார்.

நடுவில் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக வெள்ளைக்காரர் கட்டின பகுதி, வைட் டவுன். மேற்கே தமிழர் வீதிகள். வாய்க்காலைத் தாண்டுகிறபோது மூக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள். ஊரின் சாக்கடையும் அதுதானே.

என் ஓரகத்தி இருக்கிறாளே, சென்னைக்காரி, நாங்கள் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அதே வாரம் வைட் டவுனில் கடல் தெரிகிற அறை எடுத்துவிட்டாள். எடுக்கட்டும். கடல் தெரிந்தது உண்மை, சன்னலில் தலையை வெளியே நீட்டி இடது பக்கம் திருப்பினால். அங்கே நூறு ரூபாய்க்குக் காபி கிடைக்கும், பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கிடைக்காது. நடைபாதையெல்லாம் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுக்கிற பிள்ளைகள். இரண்டாம் நாளே "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று பதினொன்றரை மணிக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றாள். சும்மா பார்க்க வருகிறவள் பதினொன்றரைக்கா வருவாள்? மூன்று நாளும் மத்தியானச் சாப்பாடு எங்களோடுதான். போகிறபோது, ரசத்தில் மிளகு தூக்கல் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீடு வைசியாள் வீதிக்குப் பக்கத்தில். முற்றம், தாழ்வாரம், வாசலில் மரத்தூண் வைத்த திண்ணை. வைசியாள் வீதியில் பழைய வீட்டு முகப்புகளைச் சீர்திருத்தி, அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்ததாம். விருதைவிட அங்கே எனக்குப் பிடித்தது திண்ணைதான். நடந்து வருகிற கிழவர்கள் ஒரு நிமிஷம் உட்காரலாம். யாரும் யாரென்று கேட்கவில்லை. முட்டி வலிக்காரர்களுக்கு ஊர் முழுக்க நாற்காலி போட்டு வைத்த மாதிரி. அத்தை நாலு திண்ணைக்கு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்துதான் கடற்கரைவரை வந்தார்கள். எனக்குப் பதினைந்து நிமிஷம், அவர்களுக்கு முக்கால் மணி. ஆனால் ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார்கள், அதைச் சொல்லணும்.

இப்போது வீட்டுச் சொந்தக்காரர் கதை. போனில் கேட்டேன், சமையலறை உண்டா என்று. "எல்லாம் இருக்கும்மா" என்றார். போய்ப் பார்த்தால் கரன்ட் அடுப்பு ஒன்று, தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் ஒன்று, ஒயின் குடிக்கிற கண்ணாடிக் கோப்பை ஆறு. தோசைக்கல் இல்லை, அரிவாள்மனை இல்லை, குக்கர் இல்லை. பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவர் போட்டு வைத்திருக்கிற கணக்கு அந்த அலமாரியில் தெரிந்தது. இவர் அந்தக் கோப்பைகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் நீ போனில் கேட்கிறபோது "சமையலறை இருக்கா" என்று கேட்காதே. எத்தனை அடுப்பு, காஸா கரன்ட்டா, என்னென்ன பாத்திரம் என்று கேட்டு, போட்டோ அனுப்பச் சொல். அசைவம் சமைக்கலாமா என்றும் கேள். நான் கேட்கவில்லை.

கேட்காததன் பலன் இரண்டாம் நாள் காலையில் கிடைத்தது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட் இருக்கிறது. குபேர் அங்காடி என்று பெயர். அத்தை செல்வத்துக்கு அதிபதி பெயர் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அது எதுவார் குபேர், 1963இல் அந்த ஊருக்கு முதல் முதலமைச்சராக இருந்தவர் என்று இவர் விளக்கினார். "இருக்கட்டும், அவரும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

அந்த மார்க்கெட்டுக்காகவே இன்னொரு தரம் போவேன். பூக்கடை வாசனையிலிருந்து நாலடி நகர்ந்தால் கருவாட்டு வாசனை, அதிலிருந்து நாலடியில் வாழைக்காய். மீன் பகுதியில் எல்லாம் பெண்கள் ராஜ்ஜியம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால். விலையைக் குறைத்துக் கேட்டால் நம்மைப் பார்க்கவே மாட்டார்கள், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே நான் அவள் சொன்ன விலைக்கு வந்துவிட்டேன். சங்கரா வாங்கிக் கழுவி வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக் கதவைச் சாத்தினால், கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது: "இங்கு அசைவம் சமைக்கக் கூடாது."

என்ன செய்வாய்? வீடு பெருக்க வருகிற அம்மாவிடம் பையோடு கொடுத்து, நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் என்றேன். அந்த மகராசி சாயங்காலம் ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொண்டுவந்தாள். சமைக்கக் கூடாது என்றுதானே போட்டிருக்கிறது, சாப்பிடக் கூடாது என்று இல்லையே என்று இவர் வக்கீல் வாதம் செய்தார். எதற்கு வம்பு என்று திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாங்காய் போட்டிருந்தாள். அதைப் பற்றி எழுதினால் கடிதம் முடியாது.

வம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியிலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணி வெள்ளைத் தூண். மனுஷரும் அப்படித்தான், தமிழர்களுக்கும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கும் நடுவே துபாஷாக நின்றவர். 1736இலிருந்து 1761 வரை ஊரில் கேட்டது பார்த்தது எல்லாவற்றையும் நாட்குறிப்பாக எழுதித் தள்ளினார். கப்பல் வந்தது, யார் யாரோடு பேசவில்லை, யார் வீட்டில் என்ன கல்யாணம். நீயும் நானும் அவர் வம்சம்தான். உங்கப்பா தமிழ் வாத்தியாராயிற்றே, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பாரதி 1908இல் வந்து பத்து வருஷம் அங்கே இருந்தார். அப்பாவை ஒரு வீட்டில் விட்டுவிட்டு நீ நிம்மதியாகக் காய் வாங்கப் போகலாம்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். நீட்டாகக் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் என்று ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். அப்பாவை விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போ. ராத்திரியில் கூட்டம் நெரிக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதே. மேற்குப் பக்கத்தில் நடைபாதை என்று ஒன்று இருக்கும், அதன்மேல் ஸ்கூட்டர் நிற்கும். நேரு வீதியில் சாயங்காலம் போனால் நடக்க வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போகும். காலை எட்டு மணிக்குள் வாங்கிவிடு. மத்தியானம் பாதிக் கடைகள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும், அதுவும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம்தான் என்கிறார்கள். சனி ஞாயிறு கூடவே கூடாது, சென்னைக் கார்கள் மொத்தமும் அங்கேதான், வாடகையும் ஏறும். ஆனால் ஞாயிறு காந்தி வீதியில் போடுகிற சண்டே மார்க்கெட்டில் நைட்டி மலிவு. ஞாயிறு காலை அதைப் பார்த்துவிட்டு, கூட்டம் கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்குள் போகிற மாதிரி திட்டம் போடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதே. தை, மாசி நல்லது. வீதிமுனையில் சாராயக்கடை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்; எனக்கு இவர் "சும்மா ஒரு நடை" போய்விட்டு வரும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது.

எடுத்துப்போக வேண்டியது: அஞ்சறைப்பெட்டி, காபி பில்டர், மூன்று லிட்டர் குக்கர், சின்ன அரிவாள்மனை. பால் பான்லே பூத்தில் கிடைக்கும். முதல் நாள் ராத்திரிக்கு உங்கள் ஊர் அரிசிம்பருப்பு வைத்துவிடு, ஒரே குக்கரில் முடிந்துவிடும். விழுப்புரம்வரை ரயில், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் பஸ்.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு நிஜமாகவே கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்புவதற்குள், அத்தை "நான் போறேன்" என்று கைத்தடியை எடுத்துவிட்டார்கள். மாமா போன பிறகு இந்த மூன்று வருஷத்தில் அவர்கள் தனியாக வாசற்படி தாண்டினதை நான் பார்த்ததில்லை. இவர் பின்னாலேயே போகிறேன் என்றார், நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். அடுப்பை நிறுத்தினேன், திரும்பப் போட்டேன், திரும்ப நிறுத்தினேன். நாற்பது நிமிஷம். வந்தார்கள். கையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு முழம் கதம்பம், கீரைக்காரியின் மூத்த மருமகள் ஏன் தனிக்குடித்தனம் போனாள் என்கிற முழுக் கதை. "பத்து ரூபா பாக்கி சொல்லிட்டு வந்தேன், நாளைக்குக் கொடுத்துக்கலாம்" என்றார்கள். நாலு நாள் வந்த ஊரில் கடன் வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

எந்தத் தேதி என்று முடிவு செய்து எழுது. அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

உன்னுடைய
நான்தான்.

பி.கு.: அந்த ஆறு கண்ணாடிக் கோப்பை என்ன ஆயிற்று என்று நினைப்பாய். டம்ளர் இல்லாததால் நாலு நாளும் அதில்தான் ரசம் குடித்தோம். ஊருக்கு வந்த மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தால், அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "அங்கே இருந்த மாதிரி இல்லையே" என்கிறார்கள்.