வரதட்சணை இல்லாத கல்யாணம்

வரதட்சணை வேண்டாம் என்ற மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டதும் வேறெதையும் நான் விசாரிக்கவில்லை. கல்யாணப் பெண் என் வகுப்பு மாணவி. ஒன்பதாவது படித்தாள். 15 வயது முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் மாநில எல்லை தாண்டிப் பெண் கொடுப்பது புதிதல்ல. மாப்பிள்ளைக்கு 30 தாண்டியிருக்கும். “நகை வேணாம், மண்டபம், துணிமணி எல்லாம் அவங்க செலவு சார்” என்றார் பெண்ணின் அப்பா. ஆண்டுக்கணக்கில் வரதட்சணைக்கு எதிராக மேடையில் பேசியவன் நான், பூரித்துப்போனேன். சம்பந்தம் பேசியது யார், அந்த அப்பாவின் கந்துவட்டிக் கடன் திடீரென்று எப்படி அடைந்தது என்று கேட்கவில்லை. அவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணவறையில் அத்தை ஒருத்தி அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். வளையல் அழுந்திய இடம் சிவந்திருந்தது. பார்த்தேன். மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போனேன்.

வரதட்சணை வேண்டாம் என்பதுதான் பெண் கடத்தும் தரகர்களின் தூண்டிலே. 2011 கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் 1000 ஆண்களுக்கு 879 பெண்கள். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏழைப் பெண்களை அங்கே கொண்டுபோவதும் இதே பேச்சைப் பேசித்தான். தாலி ஏறிவிட்டால் கடத்தல்கூடக் குடும்ப விவகாரமாகிவிடுகிறது. அப்படிப் போனவளோ வயலுக்கும் தொழுவத்துக்கும் படுக்கைக்கும் சம்பளமில்லாத ஆள்.

என் மாணவிக்கும் அதே கதிதான். வேலையில் சுணங்கினால், “உனக்குக் கொடுத்த காசு இன்னும் கழியலை” என்பாளாம் மாமியார். ஒருநாள் தப்பி வந்துவிட்டாள்.

2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நான் பயிற்சியில் படித்ததுதான். விற்றோ கடத்தியோ நடத்தும் சிறார் திருமணம் செல்லாது என்கிறது 12-ஆம் பிரிவு. பள்ளிச் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதவைத்ததும் நான்தான். ஒரு போன் போட்டிருக்கலாம். ஊர்ப்பகைக்குப் பயந்தேன் என்றால் அது பாதி உண்மை. நான் ஊருக்கு உபதேசித்தது கண்ணெதிரே நடக்கிறது என்ற மிதப்பு மீதிப் பாதி. அந்த மிதப்புக்கு ஒரு குழந்தையின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்தேன்.

இப்போது வழக்கு நடக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதிக்குச் சாட்சி சொல்ல வருவீர்களா என்று அவள் வக்கீல் கேட்டார். தடுக்காமல் கல்யாணத்தில் கலந்துகொண்டவருக்கும் 11-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு, கூண்டில் அதையும் கேட்பார்கள் என்று எச்சரித்தார்.

தேதியைச் சொல்லுங்கள், வருகிறேன் என்றேன்.